வலிக்காத வீக்கத்தை வளரவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எலும்பு, மூட்டு, தசை இவற்றில் கிருமி புகுந்துவிட்டால் என்ன வைத்தியம் என்று பேசச் சொல்லிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனால் கேட்கிறவர் மனதில் எதுவும் நிற்காது, அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி நிறையச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். உலகம் முழுக்க மருத்துவப் பாடப் புத்தகங்களில் நம் மதுரையின் பெயரோடு இருக்கிற நோய் அது. மதுரா கால் என்பார்கள், மருத்துவப் பெயர் மைசெட்டோமா. மெக்சிகோவிலும் லண்டனிலும் மாணவர்கள் இந்தப் பெயரைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் மானாமதுரைப் பக்கமோ அருப்புக்கோட்டைப் பக்கமோ அதே நோயைக் காலில் வைத்துக்கொண்டு நடக்கிறவருக்கு, தனக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு என்பதே தெரியாமல் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. எலும்பு அறுவை மருத்துவராக இத்தனை காலம் வேலை பார்த்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான், அதனால்தான் இந்த நோயைத் தேர்ந்தெடுத்தேன்.

எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். வெறுங்காலோடு வயலுக்கோ ஆடு மேய்க்கவோ போகும்போது ஒரு முள் குத்துகிறது. தென் மாவட்டங்களில் முள்ளுக்கு என்ன பஞ்சம், ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று எங்கே போனாலும் கண்மாய்க்கரையெல்லாம் சீமைக்கருவேலம்தானே. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம், நாலு நாளில் காயம் ஆறியும் போகிறது. ஆனால் மண்ணில் இருந்த கிருமி அந்தச் சின்னத் துளை வழியாக உள்ளே போய்த் தங்கிவிட்டிருக்கும். மாதங்கள் கழித்து, சிலருக்கு வருஷங்கள் கழித்து, பாதத்தில் கெட்டியாக ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். அமுக்கிப் பார்த்தால் வலிக்காது. முள் குத்தியது அந்த நேரத்தில் ஞாபகத்தில்கூட இருக்காது, நாங்கள் கேட்டால் பாதிப் பேர் 'இல்லையே சார்' என்றுதான் சொல்வார்கள். முள் குத்துவதே அன்றாடம் என்று ஆனவர்களுக்கு எந்த முள் என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

முடிச்சு மெல்ல மெல்லப் பெரிதாகும், பாதம் முழுக்கப் பரவி வீங்கும், தோலில் அங்கங்கே சின்னச் சின்ன வாய்கள் திறக்கும். அதிலிருந்து சீழ் வடியும், சீழோடு சேர்ந்து ரவை மாதிரி பொடிப் பொடியாகக் குருணை விழும். கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கலாம். வீக்கம், வடிகிற துளைகள், குருணை, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது மைசெட்டோமா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தக் குருணை என்ன தெரியுமா? அதுதான் கிருமி. கோடிக்கணக்கான கிருமிகள் ஒன்றாகத் திரண்டு, சுற்றிலும் ஒரு கடினமான பசை பூசிக்கொண்டு, மருந்தும் உடம்பின் காவல் அணுக்களும் எளிதில் நுழைய முடியாதபடி தங்களைக் காத்துக்கொள்கின்றன. இதனால்தான் சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கிற 5 நாள் மாத்திரை இதில் எடுபடுவதில்லை.

தோலுக்கு அடியில் தொடங்கி, கொழுப்பு, தசை, அப்புறம் எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிற நோய் இது. தசைநாண்களும் நரம்புகளும் கடைசி வரைக்கும் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன, அதனால் கால் வீங்கிப் போய், துளை துளையாக வடிந்துகொண்டிருக்கும்போதுகூட ஆள் நடந்துகொண்டுதான் இருப்பார், பாரம் தூக்குவார், உழுவார். வலித்திருந்தால் முதல் மாதத்திலேயே வந்திருப்பார். வலி வருவது எலும்பு அரித்த பிறகு, இல்லையென்றால் அந்தத் துளைகள் வழியாக வேறு கிருமி புகுந்து சீழ் கட்டிய பிறகு. அதற்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பாதத்து எலும்புகள் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

பாதத்தில்தான் அதிகம், ஆனால் பாதத்தில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் வரும், முழங்காலில் வரும், விறகுக் கட்டு சுமக்கிறவர்களுக்குத் தோளிலும் முதுகிலும் வரும். மெக்சிகோவில் முதுகில் வருகிறவர்கள் நிறையப் பேர். 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருக்கிற, உழைக்கிற ஆண்களைத்தான் இது பெரும்பாலும் பிடிக்கிறது, பெண்களுக்கும் வரும். ஒரு வீட்டில் சம்பாதிக்கிற காலை இது முடக்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மதுரை எப்படி இதில் வந்தது? 1842இல் மதுரையில் இருந்த மருந்தகத்தில் வேலை பார்த்த ஜான் கில் என்ற மருத்துவர், இப்படி உருக்குலைந்துபோன கால்களைப் பார்த்து எழுதி வைத்தார். 1846இல் கோல்புரூக் என்பவர் மதுரா கால் என்ற பெயரிலேயே எழுதினார். அதற்கப்புறம் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், உடற்கூறியல் படங்கள் வரைவதில் பேர்போனவர், 1860இல் இது பூஞ்சையால் வருகிறது என்று கண்டு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார், 1874இல் இதற்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். அவர் கண்டது பாதி உண்மைதான். பிறகு 1894இல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படி ஒரு காலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி பூஞ்சையே இல்லை, பாக்டீரியா. மண்ணில் இழை இழையாக வளர்கிற ஒரு பாக்டீரியாக் குடும்பம் இருக்கிறது, அதில் ஒன்று.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், இன்றைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இந்தக் காலுக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்று பாக்டீரியா, ஆக்டினோமைசெட்டோமா என்போம். இன்னொன்று பூஞ்சை, யூமைசெட்டோமா என்போம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா வகை என்றால் மருந்திலேயே பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள், காலை எடுக்க வேண்டிய தேவை அபூர்வம். பூஞ்சை வகை பிடிவாதமானது, மாதக்கணக்கில் மருந்தும் கூடவே அறுவையும் தேவைப்படும். சூடானில் பூஞ்சை வகைதான் அதிகம், மெக்சிகோவில் பாக்டீரியா வகை அதிகம், நம் தென்னிந்தியாவில் இரண்டும் இருக்கிறது, பாக்டீரியா வகையே கூடுதலாகப் பார்க்கிறோம். அப்படியானால் என்ன அர்த்தம்? மருந்திலேயே காப்பாற்றக்கூடிய கால்கள்தான் நம்மிடம் அதிகம். எது என்று பார்க்காமல் வைத்தியம் தொடங்கினால் அந்தக் கால்கள் வீணாகப் போகின்றன.

சரி, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குருணையைப் பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வடிகிற இடத்தைச் சுத்தம் செய்து, உப்புநீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியை ராத்திரி வைத்துக் கட்டிவிட்டு, காலையில் பிரித்துப் பார்த்தால் துணியில் குருணை ஒட்டியிருக்கும். அதை அப்படியே ஒரு சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வந்தால் எங்களுக்கு அது தங்கம். நிறமே கொஞ்சம் சொல்லிவிடும், கறுப்பு என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் அநேகமாகப் பாக்டீரியா, வெள்ளையும் மஞ்சளும் இரண்டிலும் வரும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும், மெல்லிய இழைகளாக இருந்தால் பாக்டீரியா, அதைவிடப் பல மடங்கு தடிமனாக, நடுவில் தடுப்புகளோடு இருந்தால் பூஞ்சை. செலவு அதிகம் ஆகாத சோதனை இது, செய்ய ஆள் வேண்டும், செய்யச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மேலாக வடிகிற சீழைப் பஞ்சில் ஒற்றி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் போதும் என்று நினைப்பது தப்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சாதாரணக் கிருமிதான் அதில் வளரும், அதற்கு ஒரு மாத்திரை எழுதுவார்கள், வடிதல் கொஞ்சம் குறையும், உள்ளே இருக்கிறவன் பாட்டுக்கு எலும்பைத் தின்றுகொண்டிருப்பான். குருணை கிடைக்கவில்லை என்றால் ஆழத்திலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், பயாப்சி. அதையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை நோய்க்கூறு ஆய்வுக்கும் ஒன்றை மைக்ரோபயாலஜிக்கும் அனுப்ப வேண்டும், மொத்தத்தையும் திசு கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் கல்ச்சருக்கு ஒன்றும் மிஞ்சாது, கிருமி செத்துப்போகும். ஆய்வகத்துக்கு எழுதும்போது மைசெட்டோமா சந்தேகம் என்று எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கிருமிகள் மெதுவாக வளர்கிறவை, தட்டை இரண்டு மூன்று நாளில் தூக்கிப் போட்டால் எதுவும் வளரவில்லை என்றுதான் ரிப்போர்ட் வரும். இளம் மருத்துவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதை மறக்காதீர்கள்.

எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயும் ஸ்கேனும் உதவும். எம்ஆர்ஐ படத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி என்று தெரிந்தால் அநேகமாக இதுதான், வட்டம் புண்ணின் திசு, புள்ளி குருணை. எம்ஆர்ஐ எடுக்க முடியாத இடத்தில் அல்ட்ராசவுண்ட் போதும், வயிற்றுக்குப் பார்க்கிற அதே கருவிதான், அதிலும் குருணை பளிச்சென்று தெரியும்.

காசநோயோடு குழப்பிக்கொள்வதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலும்பிலும் மூட்டிலும் காசநோய் வருகிறது, நம் நாட்டில் அது நிறைய, சீழ் வடிகிற நாள்பட்ட புண் என்றால் முதலில் காசநோய் ஞாபகம் வருவது நியாயம்தான். நான் பார்த்த ஒரு விவசாயி, நாற்பது வயது இருக்கும், காசநோய் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டே வந்தார், கால் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. சளியில் காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டுகிற அதே சாயச் சோதனையை யாரோ இவர் சீழில் செய்திருக்கிறார்கள், இழை சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. நோகார்டியா என்ற பாக்டீரியாவும் அந்தச் சாயத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும், அதுதான் ஏமாற்றியது. குருணையை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது, மருந்தை மாற்றினோம், கால் நின்றது. மாத்திரை போட்டும் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றால், நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று திட்டுவதற்கு முன்னால், நோயையே திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். பாக்டீரியா வகைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு முறை மெக்சிகோவில் மான்டெர்ரே நகரத்திலிருந்து வந்தது, ஒலிவேரியோ வெல்ஷ் என்ற தோல் மருத்துவர் 1980களில் கொண்டுவந்தார். கோட்ரிமாக்சசோல் மாத்திரை 5 வாரம், அதில் முதல் 3 வாரம் கூடவே அமிகாசின் ஊசி, இது ஒரு சுற்று. நோயின் அளவைப் பார்த்து இரண்டு, மூன்று, நான்கு சுற்று என்று கொடுப்பார்கள். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவத் துறையில் எம். ராமமும் அவரோடு இருந்தவர்களும் ஜென்டாமைசின் ஊசியை வைத்து ஒரு முறை வகுத்தார்கள், 2007இல் அதை இன்னும் எளிதாக்கினார்கள். முதலில் 4 வாரம் ஜென்டாமைசினும் கோட்ரிமாக்சசோலும், அப்புறம் டாக்சிசைக்ளினும் கோட்ரிமாக்சசோலும், துளைகள் எல்லாம் மூடிய பிறகும் இன்னும் 5, 6 மாதம். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் இந்த மருந்துகள் எல்லாம் விலை குறைவானவை, பழைய மருந்துகள், அரசு மருத்துவமனையில் கிடைக்கிறவை. ஒரு கூலித் தொழிலாளி காலைக் காப்பாற்றிக்கொள்ள நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை.

விலை குறைவு என்பதற்காக நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அமிகாசினும் ஜென்டாமைசினும் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. போன கேட்கும் திறன் திரும்ப வராது. அதனால் ஊசி போடுகிற காலம் முழுக்க சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்கிற கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும், காதுச் சோதனை செய்ய வேண்டும், காதில் ரீங்காரம் கேட்டாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். கோட்ரிமாக்சசோல் சல்ஃபா மருந்து, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அளவெல்லாம் உடல் எடைக்குத் தக்கபடி, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டு உங்களுக்கு ஆகாது.

பூஞ்சை வகை கொஞ்சம் கஷ்டம், மறைக்காமல் சொல்கிறேன். இட்ராகோனசோல் மாத்திரை, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, குறைந்தது ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேல். முன்னால் கீட்டோகோனசோல் கொடுத்துக்கொண்டிருந்தோம், அது கல்லீரலைப் பாதிக்கிறது என்பதால் 2013இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட உடனே போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அசிடிட்டி மாத்திரையும் கூடச் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம், நம் ஊரில் எந்த மருந்துக்கும் துணையாக ஒரு கேஸ் மாத்திரை எழுதுகிற பழக்கம் இருக்கிறது பாருங்கள், இங்கே அது நேரடியாகக் கெடுதல். கல்லீரல் சோதனை அவ்வப்போது வேண்டும், இதயம் பலவீனமானவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த வகையில் மருந்து மட்டும் கேட்பது குறைவு. ஆனால் மருந்தைச் சில மாதம் கொடுத்தால் நோய் ஒரு உறைக்குள் ஒடுங்கி வந்து நிற்கும், அப்போது அறுவை மருத்துவர் அந்த உறை உடையாமல் சுற்றி ஆரோக்கியமான திசுவோடு சேர்த்து முழுசாக எடுத்துவிட முடியும். அதற்கப்புறமும் மருந்து தொடர வேண்டும். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சின்ன முடிச்சுதானே என்று எங்காவது மரத்துப்போகிற ஊசி போட்டு, கொழுப்புக் கட்டி என்று நினைத்து அறுத்து எடுத்துவிடுகிறார்கள். உறை உடைந்து குருணை உள்ளே சிந்திவிடும், ஆறு மாதம் ஒரு வருஷத்தில் திரும்ப வரும், இந்தத் தடவை பழைய இடத்தைவிட இன்னும் ஆழமாக. இரண்டு மூன்று தடவை இப்படி அறுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருக்கிற ஆட்டை மாட்டை விற்றுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறாது. அறுத்து எடுத்த எந்தக் கட்டியையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இந்தப் பூஞ்சை வகைக்காக உலகத்திலேயே அதிகம் உழைத்த இடம் சூடானில் கார்ட்டூம் நகரத்தில் இருந்த மைசெட்டோமா ஆராய்ச்சி மையம், 1991இல் அஹமது ஹசன் ஃபஹால் என்ற அறுவை மருத்துவர் தொடங்கியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்ததற்கு அவர்கள் முயற்சி முக்கியமான காரணம். 2017இல் ஃபோஸ்ராவுகோனசோல் என்ற புது மருந்தை அங்கேதான் சோதிக்கத் தொடங்கினார்கள், தினமும் போடுகிற மாத்திரைக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு தடவை. இட்ராகோனசோலைவிட மேலானது என்று அந்தச் சோதனையில் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் வாரம் ஒரு தடவை, சாப்பாட்டோடு சேர்த்துத்தான் என்ற கட்டாயம் இல்லாமல் போடலாம் என்பதே ஏழைக் கிராமத்துக்காரருக்குப் பெரிய உதவி. 2023 ஏப்ரலில் அங்கே போர் மூண்டது, அந்த மையம் அழிந்துபோனது, பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த திசு மாதிரிகளும் போய்விட்டன. அங்கே சேர்ந்த அறிவு நம் நோயாளிகளுக்கும் உரியது, அதனால் அந்தச் செய்தியைக் கேட்டபோது நம் வீட்டில் நடந்த இழப்பு மாதிரியே இருந்தது எனக்கு.

மதுரா கால் மெதுவாகப் போகிறது என்பதால் எல்லா எலும்புத் தொற்றும் மெதுவாகப் போகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதனால் இதை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு காலை அசைக்கவே மாட்டேன் என்கிறது, துணி மாற்றத் தொட்டால் வீறிட்டு அழுகிறது என்றால் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். சீழை அன்றைக்கே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மூட்டின் குருத்தெலும்பு கரைந்து வாழ்நாள் முழுக்க நொண்டல் தங்கிவிடும். அதே நேரம் சீக்கிரம் வந்தால் வைத்தியம் எவ்வளவு சின்னது பாருங்கள், பின்லாந்தில் பெல்டோலா என்பவரின் குழு செய்த ஆய்வில், மூட்டில் சீழ் பிடித்து நன்றாகத் தேறிவருகிற பிள்ளைகளுக்கு 10 நாள் மருந்தே 30 நாள் மருந்துக்குச் சமமாக இருந்தது. முதுகெலும்புக் காசநோய்க்கோ 12 மாதம், தேவைப்பட்டால் 18 மாதம். எந்தக் கிருமி, எந்த இடம் என்பதை வைத்துத்தான் நாள் கணக்கு.

இன்னொன்று, ஊசி போட்டால்தான் கேட்கும், மாத்திரை சும்மா என்று நம் மக்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. பிரிட்டனில் எலும்பு மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். முதல் 6 வாரம் பாதிப் பேருக்கு நரம்பு வழியாக, பாதிப் பேருக்கு வாய்வழியாக மருந்து. நரம்பு வழியில் 14.6 சதவீதம் பேருக்குத் தோல்வி, வாய்வழியில் 13.2 சதவீதம். அதாவது கிருமிக்குச் சரியான மருந்து என்றால், அது எந்த வழியில் உள்ளே போகிறது என்பது பெரிய விஷயம் இல்லை. அமிகாசின் மாதிரி மாத்திரையாகவே கிடைக்காத மருந்துக்கு ஊசிதான் வழி, அது வேறு. ஆனால் மருத்துவர் மாத்திரை எழுதினால் ஏமாற்றுகிறார் என்று நினைத்து வேறு இடத்துக்கு ஓட வேண்டாம்.

வராமல் தடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். தடுப்பூசி கிடையாது. செருப்பு போடுங்கள், அதிலும் மெல்லிய ரப்பர் செருப்பைக் கருவேல முள் துளைத்துக்கொண்டு வந்துவிடும், முள் வெட்டுகிற வேலைக்குப் போகிறவர்களுக்குத் தடித்த அடியுள்ள பூட்ஸ் வேண்டும். கூலி ஆள் வைத்து முள்காடு அழிக்கிறவர்கள் அரிவாளோடு பூட்ஸும் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்பேன். விறகு சுமக்கும்போது தோளில் தடித்த துணி போட்டுக்கொள்ளுங்கள். முள் குத்தினால் நுனி உள்ளே நிற்காமல் முழுசாக எடுத்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சின் மேல் பச்சிலை வைத்துக் கட்டுவதும், சூடு போடுவதும், சுண்ணாம்பு தடவுவதும் வேண்டாம், சூடு போட்ட இடம் புண்ணாகி அதில் வேறு கிருமி புகுந்து, முன்னால் இல்லாத வலியும் சேர்ந்துகொள்ளும்.

இது ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. அடித்துச் சொல்கிறேன், ஒட்டவே ஒட்டாது. சீழ் வாடை அடிக்கிறது என்று தனித் தட்டு, தனி இடம், திண்ணையிலேயே படுக்கை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பேச்சு நின்றுபோன பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். மண்ணில் இருக்கிற கிருமி முள்ளோடு போனது, அவ்வளவுதான். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் காலைச் சுத்தம் செய்து கட்டுப் போட உதவுங்கள்.

எங்கே போவது என்றால், பாதத்தில் வலிக்காத கெட்டியான முடிச்சோ வீக்கமோ ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாலே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தோல் பிரிவோ எலும்புப் பிரிவோ எதில் போனாலும் சரி. பழைய சீட்டுகள், எக்ஸ்ரே, ஏற்கெனவே அறுத்திருந்தால் அந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், முடிந்தால் நான் சொன்ன மாதிரி காஸ் துணியில் பிடித்த குருணையையும். மருந்து ஆரம்பித்த பிறகு துளை மூடிவிட்டது, வீக்கம் வற்றிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மேலே தோல் ஆறுவது முதலில் நடக்கிற விஷயம், எலும்பு ஆறுவது கடைசியில் நடக்கிற விஷயம், ஸ்கேனில் குருணை இல்லை, எக்ஸ்ரேயில் எலும்பு தேறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே காலை இழந்தவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு திரும்ப வயலில் இறங்கி வேலை பார்க்கலாம், ஜெய்ப்பூர் கால் என்பதை நம் ஊர் ஆட்கள் குத்துக்காலிட்டு உட்காரவும் வெறுங்காலோடு நடக்கவும் தோதாகத்தான் வடிவமைத்தார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்கும், அடையாள அட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்திலோ தொடை இடுக்கிலோ புதிதாக ஏதாவது கட்டி தட்டுப்பட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், இந்த நோய், அதிலும் பாக்டீரியா வகை, நெறிகட்டுகிற இடத்துக்கு ஏறிப்போகக்கூடியது. நேராக உங்களுக்கு அறுவை செய்த பிரிவுக்கே வாருங்கள். வணக்கம்.